பேரிங் மாற்றியும் போகாத முன்சக்கரச் சத்தம்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். முன்சக்கர டிரைவ் உள்ள கார். 40 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் முன்னால் இடது பக்கத்திலிருந்து ‘ஊ...ம்’ என்று ஓர் இரைச்சல். வேகம் கூடக்கூட அதுவும் கூடுகிறது. இடது வீல் பேரிங் (சக்கரம் வழுக்கிச் சுழல உதவும் குண்டு வளையம்) போய்விட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் மாற்றிக் கொடுத்தார்கள். இரைச்சல் அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு, வண்டி திரும்பி வந்த நாளிலிருந்து, ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் நகரும்போது ஒரே ஒரு ‘டக்’. வலது பேரிங்கையும் மாற்றிவிடலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். உங்கள் காரில் இரண்டு சத்தங்கள் இருக்கின்றன. இரைச்சல் பேரிங் மாற்றுவதற்கு முன்பே இருந்தது, மாற்றிய பிறகும் அசையவில்லை. ‘டக்’ சத்தமோ அந்த வேலைக்குப் பிறகு பிறந்தது. இரண்டையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொண்டு தேடினால் கடைசிவரை பிடிபடாது. முதலில் ‘டக்’கைப் பாருங்கள், முடிந்தால் நாளைக்கே. இரைச்சலோடு சில நாள் ஓட்டலாம். ஒரு வேலைக்குப் பிறகு புதிதாக முளைத்த ‘டக்’ என்றால் எங்கோ ஒரு நட்டோ போல்ட்டோ சரியாக இறுகவில்லை என்ற சந்தேகம் வந்தே தீர வேண்டும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற இடத்தில் அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது.

பேரிங் மாற்ற என்னென்ன கழற்றியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சக்கரம், காலிப்பர் (டிஸ்க்கை நெருக்கிப் பிடிக்கும் பிரேக் பாகம்), அதைத் தாங்கும் பிராக்கெட், டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு), டிரைவ் ஷாஃப்ட் (இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் தண்டு) நுனியில் இருக்கும் பெரிய ஆக்சில் நட், டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு), லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் (கீழிருந்து சக்கரத்தைப் பிடிக்கும் பந்து மூட்டு), ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நக்கிளோடு (பேரிங்கைத் தாங்கும் கனத்த உலோகத் துண்டு) பிணைக்கும் இரண்டு போல்ட்டுகள். இவ்வளவும் பிரிந்த பிறகுதான் நக்கிள் தனியாகக் கையில் வரும். அதைப் பிரஸ்ஸில் வைத்துப் பழைய பேரிங்கைத் தள்ளி எடுத்துப் புதியதை ஏற்றுவார்கள். சில கார்களில் ஹப்பும் (சக்கரத்தை மாட்டும் நடுப்பாகம்) பேரிங்கும் ஒரே துண்டாக, போல்ட் போட்டு மாட்டும்படி வரும். அங்கே வேலை குறைவு. ஆனால் ஆக்சில் நட்டை அவிழ்க்காமல் அங்கேயும் முடியாது.

திசை மாறும்போது மட்டும் ஒரு ‘டக்’ என்றால் என் விரல் முதலில் அந்த ஆக்சில் நட்டைத்தான் காட்டும். டிரைவ் ஷாஃப்ட்டின் பல் வைத்த நுனி ஹப்புக்குள் நுழைந்திருக்கிறது. நட்டை இறுக்கும்போது ஷாஃப்ட்டின் தோள் ஒரு பக்கமும் நட் மறு பக்கமுமாக ஹப்பையும் பேரிங்கின் உள்வளையங்களையும் சேர்த்து நெருக்கிப் பிடிக்கின்றன. அந்த நெருக்கம் குறைந்துவிட்டால், ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாறும்போது ஷாஃப்ட் எதிர்த்திசையில் ஒரு மயிரிழை முறுக்கிக்கொண்டு நழுவும். அந்த நழுவல்தான் ‘டக்’. நட் சரியாக இறுகியிருந்தும், ஷாஃப்ட்டின் தோளும் பேரிங் முகமும் உராயும் இடம் துரு ஏறிக் காய்ந்திருந்தால் இதே சத்தம் வரும். பிரித்து, இரண்டு முகங்களையும் சுத்தம் செய்து, மெல்லியதாகப் பேஸ்ட் தடவி மாட்டினால் போய்விடும், ஆபத்தும் இல்லை. ஆனால் நட் இறுக்கத்தைச் சோதிக்காமல் அந்தச் சாதுவான காரணத்துக்குத் தாவக் கூடாது.

இந்த நட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் புதிய பேரிங்கின் ஆயுளே அதில்தான் இருக்கிறது. முன்சக்கர பேரிங்குகள் பெரும்பாலும் இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்டவை. அந்த இரண்டு வரிசைக்கும் வேண்டிய நெருக்கத்தைப் பல கார்களில் ஆக்சில் நட்தான் கொடுக்கிறது. குறைவாக இறுக்கினால் குண்டுகள் தளர்ந்து ஆடி, புதிய பேரிங்கும் விரைவில் கெட்டுப்போகும். இறுக்கவேண்டிய அளவு பல கார்களில் 200 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். மாடலுக்கு மாடல் மாறுவதால் உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்தான் கணக்கு. காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்ர்’ என்று இரண்டு முறை அடித்துவிட்டு முடித்துக்கொள்வது அளந்து இறுக்குவது ஆகாது. டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வேண்டும். பல கார்களில் அந்த நட் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக் கூடியது. விளிம்பை உள்ளே தட்டிப் பூட்டுகிற வகை என்றால், பழைய நட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்களா என்பது பார்த்ததுமே தெரியும். இன்னொன்றும் கேளுங்கள்: நட் முழுதாக இறுகுமுன் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டினார்களா? அப்படி எடையோடு உருண்டாலே பேரிங் அடிபட்டுவிடும்.

‘டக்’ சத்தத்துக்கு இரண்டாவது சந்தேகம் பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை). பிராக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் பேடுக்கு முன்னும் பின்னும் சிறு இடைவெளி உண்டு. திசை மாறிய பிறகு முதன்முறை பிரேக்கை மிதிக்கும்போது டிஸ்க் பேடை இழுத்துக்கொண்டு போய் மறுமுனையில் மோதும். அதற்காகவே ஸ்பிரிங் தகடுகள் இருக்கின்றன. வேலை செய்தபோது அவற்றில் ஒன்றை மாட்ட மறந்திருந்தால், அல்லது வளைத்து மாட்டியிருந்தால், சத்தம் வரும். இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. சமதளமான, ஆளில்லாத இடத்தில், நடை வேகத்தில் ரிவர்ஸ் எடுங்கள். கால் பிரேக்கைத் தொடாமல் ஹேண்ட் பிரேக்கை மட்டும் மெல்ல இழுத்து நிறுத்துங்கள். பிறகு முன்னால் நகர்ந்து, மறுபடி ஹேண்ட் பிரேக்காலேயே நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். ஆக, இப்போது ‘டக்’ காணாமல் போனால் முன் பிரேக் பேட். கிளட்சை விட்டு வண்டி இழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே வந்தால் ஆக்சில் நட், டிரைவ் ஷாஃப்ட், அல்லது இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடி). ஹேண்ட் பிரேக் பட்டனால் இயங்கும் காராக இருந்தால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். அது மெல்லப் பிடிக்காது.

மூன்றாவது, காலிப்பர் பிராக்கெட் போல்ட், ஸ்ட்ரட் போல்ட், பால் ஜாயிண்ட் நட், சக்கர நட். இவற்றை யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, எல்லாவற்றையும் டார்க் ரென்ச்சால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டின் தலைமீதும், அது உட்கார்ந்திருக்கும் பாகத்தின் மீதும் தொடர்ச்சியாக ஒரு பெயின்ட் கோடு போடச் சொல்லுங்கள். சில நாள் ஓட்டிவிட்டுப் பார்த்தால், கோடு முறிந்திருக்கும் இடத்தில் நட் அவிழ்கிறது என்று அர்த்தம். ஸ்ட்ரட் போல்ட்டைக் கழற்றியிருந்தால் சக்கரத்தின் சாய்வும் மாறியிருக்கலாம். பேரிங் வேலைக்குப் பிறகு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோண அளவுகள்) பார்த்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

இனி இரைச்சலுக்கு வருவோம். உண்மையில் இதுதான் கடினமானது, பலரும் காசைத் தொலைப்பதும் இங்கேதான்.

முதல் கேள்வி: சத்தம் சக்கரத்தோடு சுற்றுகிறதா, இன்ஜினோடு சுற்றுகிறதா? நேரான, காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது நியூட்ரலுக்கு மாற்றி வண்டியை உருளவிடுங்கள். இன்ஜினை அணைக்கவே கூடாது. அணைத்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும், சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். நியூட்ரலிலும் இரைச்சல் அதே சுருதியில் தொடர்ந்து, வேகம் குறையக் குறைய இறங்கினால், அது சக்கரப் பக்கத்துச் சத்தம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், இருந்தாலும் செய்து பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: டயரா, பேரிங்கா? இரண்டும் ஒன்றைப் போலவே ஊமும். கேட்டுப் பழகிய காதுகூட ஏமாறும். பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் காரில் இதே இரைச்சலுக்கு நானே ஒரு பேரிங்கை மாற்றி, மாலையில் ஓட்டிப் பார்த்தபோது அதே சத்தம் கேட்டது. மறுநாள் முன் டயர் இரண்டையும் பின்னால் மாற்றிப் போட்டேன். சத்தம் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ஒரு நாள் வேலையும் நன்றாக இருந்த ஒரு பேரிங்கும் வீண். அன்றிலிருந்து டயரைத் தடவிப் பார்க்காமல் நான் பேரிங்கைத் தொடுவதில்லை.

தடவிப் பார்ப்பது என்று சொல்வது சும்மா பேச்சுக்கு இல்லை. வண்டி நிற்கும்போது உள்ளங்கையை டயரின் மீது வைத்துச் சுற்றளவு நெடுகத் தேய்த்துக்கொண்டே போங்கள். கம்பி எதுவும் வெளியே துருத்திக்கொண்டில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஒரு பக்கமாகத் தேய்க்கும்போது வழுவழுப்பாகவும், எதிர்ப்பக்கமாகத் தேய்க்கும்போது ரம்பப் பல் போலவும் பட்டால் டயர் தப்பாகத் தேய்ந்திருக்கிறது. குறுக்கே, அதாவது உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தடவும்போது அந்தப் பல் தட்டினால் சக்கரங்களின் டோ அளவு (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பிசகியிருக்கிறது. சில இடங்களில் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளம் பட்டால், ஷாக் அப்சார்பர் வலுவிழந்து டயர் சாலையில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது, அல்லது பேலன்சிங் சரியில்லாமல் நெடுநாள் ஓடியிருக்கிறது. டயரின் உள்விளிம்பைத் தடவ மறக்காதீர்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வைத்தால் கை போகும். வெளியிலிருந்து பார்த்தால் புதிதுபோல இருக்கும் டயர்களில் பலவும் உள்விளிம்பில்தான் கெட்டிருக்கும்.

ஓட்டும்போது கிடைக்கும் சாட்சியும் ஒன்று உண்டு. டயர் இரைச்சல் சாலையைப் பொறுத்து மாறும். வழவழப்பான புதுத் தாரில் பாதியாகக் குறையும், சொரசொரப்பான பழைய சாலையில் எகிறும், கான்கிரீட்டில் வேறு குரலில் வரும். பேரிங் சத்தத்துக்குச் சாலை எதுவாக இருந்தாலும் ஒன்றுதான், அதன் குரல் மாறாது. சாலை மாறும் இடத்தில் காதைக் கூர்மையாக்கிக் கேளுங்கள். உறுதி செய்ய வேண்டுமானால் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போடுங்கள். ஓடும் திசை குறித்த டயர் என்றால் அதே பக்கத்துக்குள்தான் முன்பின் மாற்ற வேண்டும். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் உள்ள காரில் இது முடியாது. சத்தம் பின்னால் நகர்ந்தாலோ குரல் மாறினாலோ குற்றவாளி டயர். ஒன்றுமே மாறவில்லை என்றால் பேரிங்கைப் பற்றிப் பேசலாம்.

பேரிங் என்று வந்தால் மூன்றாவது கேள்வி: எந்தப் பக்கம்? உங்கள் விஷயத்தில் இது முக்கியம், ஏனென்றால் இடது பக்கம் என்று முடிவு செய்தது காதை வைத்துத்தான் என்று தோன்றுகிறது. காரின் உடல் முழுக்க இரும்புத் தகடு. வலது நக்கிளில் பிறக்கும் அதிர்வு குறுக்குச் சட்டம் வழியாக ஓடி, இடது பக்கத் தரையில் முழங்க முடியும். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவருக்கு ஒரு பக்கமும் அடுத்த இருக்கையில் இருப்பவருக்கு வேறு பக்கமும் கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே எடையை மாற்றிப் பார்க்க வேண்டும். அகலமான, காலியான சாலையில், சத்தம் தெளிவாகக் கேட்கும் வேகத்தில், ஸ்டீயரிங்கை மெதுவாக இடதும் வலதுமாகத் திருப்புங்கள். இடது பக்கம் திரும்பும்போது காரின் எடை வலது சக்கரங்கள் மீது சாயும். அப்போது இரைச்சல் ஏறி, வலது பக்கம் திரும்பும்போது அடங்கினால் சந்தேகம் வலது பேரிங் மீது. நேர்மாறானால் இடது. இதுவும் முழுச் சாட்சி ஆகாது. இரண்டு வரிசையில் எந்த வரிசை அடிபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில பேரிங்குகள் எதிர்த்திசையில் கத்துவதுண்டு. அதனால்தான் கையால் தொட்டு உறுதி செய்யும் அடுத்த கட்டம்.

வண்டியைத் தூக்குங்கள். பின்சக்கரங்களுக்கு முட்டுக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, உறுதியான சமதளத்தில் ஜாக்கியால் தூக்கி, கட்டாயம் ஜாக் ஸ்டாண்டின் மீது இறக்கிவிட்டு வேலை செய்யுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிட்டு, மறு கையை சஸ்பென்ஷன் சுருள் ஸ்பிரிங்கின் மீது வையுங்கள். கெட்ட பேரிங் என்றால் ஸ்பிரிங் வழியாக ஒரு ‘உர்ர்ர்’ அதிர்வு விரலுக்கு வரும். நல்ல பேரிங் என்றால் பட்டுப்போல இருக்கும். ஸ்பிரிங் ஒலிபெருக்கி மாதிரி வேலை செய்கிறது. காதுக்குக் கேட்காததுகூட அதில் கைக்குத் தெரியும். பிறகு மறு பக்கத்திலும் இதையே செய்து ஒப்பிடுங்கள். ஒப்பிடாமல் ஒரு பக்கத்தை மட்டும் தொட்டால் எதுவும் புரியாது. அடுத்து, டயரை மேலும் கீழுமாக, அதாவது கடிகாரத்தில் 12 மற்றும் 6 மணி இருக்கும் இடங்களில் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் அது பேரிங்கில் இருந்தது. அப்போதும் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வேறு சஸ்பென்ஷன் இணைப்பு. 3 மற்றும் 9 மணி இடங்களில் பிடித்தால் மட்டும் ஆடினால் டை ராட் எண்டைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஆட்டமே இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. ஆட்டம் வருவதற்கு வெகு முன்பே இரைச்சல் தொடங்கிவிடும்.

புதிதாகப் போட்ட பேரிங்கே கத்தவும் வாய்ப்பு உண்டு. ஏற்றும்போது தள்ளவேண்டிய வளையத்தை விட்டுவிட்டு மற்ற வளையத்தைத் தள்ளினால், அழுத்தம் முழுவதும் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் சிறு குழிகளைப் பதித்துவிடும். சுத்தியலால் தட்டி ஏற்றினால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட பேரிங் முதல் நாளிலிருந்தே ஊமும், அல்லது சில ஆயிரம் கி.மீ.க்குள் தொடங்கும். ஆனால் உங்கள் சத்தம் முன்பிருந்த அதே குரலில், அதே வேகத்தில் தொடங்குகிறது என்றால், பழைய பேரிங்கும் புதியதும் ஒரே மாதிரி கெட்டிருக்கும் என்பது நடக்கக் கூடியதாகத் தோன்றவில்லை. அதனால்தான் டயரை முதலிலும் வலது பேரிங்கை இரண்டாவதிலும் வைக்கிறேன். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் புதிதாக எரியத் தொடங்கியிருந்தால் மட்டும் வரிசையை மாற்றி, புதிய பேரிங்கை முதலில் பாருங்கள். இப்போதைய பேரிங்குகளில் பலவற்றின் ஒரு பக்க சீலிலேயே சென்சார் படிக்கும் காந்த வளையம் இருக்கிறது. பேரிங்கைத் திருப்பி ஏற்றிவிட்டால் சென்சார் குருடாகிவிடும்.

இதோடு உங்கள் கேள்விக்கான பதில் முடிகிறது. ஆனால் சோதிக்கும்போது வேறு சத்தங்களும் காதில் விழும், அவற்றை இதோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க இன்னும் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். நம் மொழியில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. லொடலொட, கடகட, நறநற, கரகர, கிறீச் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் சொல் இருக்கிறது. மெக்கானிக்கிடம் ‘ஏதோ சத்தம் வருது’ என்று சொல்லாமல் சரியான சொல்லைத் தேடிச் சொல்லுங்கள். எந்த வேகத்தில், எதைச் செய்தபோது வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சிறு மேடுபள்ளங்களில் மெதுவாகப் போகும்போது ‘லொடலொட’ என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க், அதாவது வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டு. இதில் ஓர் அழகான தடயம் உண்டு. இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும் வேகத்தடையில் சத்தம் வராது, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது வரும். காரணம், இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறும்போது ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கப்படுவதில்லை, லிங்குக்கு வேலையே இல்லை. இந்த லிங்கைச் சோதிக்கும்போது ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் கம்பி முறுக்கேறி லிங்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் மறைந்துவிடும். இரண்டு சக்கரங்களும் தரையில் இருக்கும்போதோ, இரண்டும் சமமாகத் தூக்கியிருக்கும்போதோதான் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். நல்ல லிங்க் என்று ஒதுக்கப்பட்ட கெட்ட லிங்குகளை நிறையப் பார்த்துவிட்டேன். அதே மேடுபள்ளத்தில், பிரேக்கை லேசாக மிதித்தபடி போனால் ‘லொடலொட’ நின்றுவிடுகிறது என்றால் அது பேட் ஆடும் சத்தம்.

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து வட்டமடிக்கும்போது ‘டக்டக்டக்’ என்று வேகத்துக்கேற்ப வந்தால் வெளிப்புற சி.வி. ஜாயிண்ட் (டிரைவ் ஷாஃப்ட்டின் சக்கரப் பக்க மூட்டு). உங்களுக்கு வருவது ஒற்றை ‘டக்’ என்பதால் இது பொருந்தவில்லை. எந்தப் பக்க ஜாயிண்ட் என்பதைத் திரும்பும் திசையை வைத்து ஊகிக்காமல், அதை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) பாருங்கள். கிழிந்திருந்தால் கிரீஸ் தெறித்து ரிம்மின் உட்புறமும் ஸ்ட்ரட்டும் கருப்பாகப் பிசுபிசுத்திருக்கும். சத்தம் வருமுன்பே பூட் கிழிசலைக் கண்டுபிடித்துவிட்டால் புது பூட்டும் கிரீஸும் போட்டு ஜாயிண்ட்டைக் காப்பாற்றிவிடலாம். சத்தம் வந்த பிறகு கிரீஸ் போட்டுப் பயனில்லை.

‘கிறீச்’ என்ற மெல்லிய உயர்ந்த குரல் ஓடும்போது கேட்டு, பிரேக்கை மிதித்ததும் மாறினாலோ நின்றாலோ பேட் தேய்ந்து அதன் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கை உரசுகிறது. அது ‘நறநற’ என்று ஆகிவிட்டால் பேட் தீர்ந்து இரும்பும் இரும்பும் உரசுகின்றன, வண்டியை நிறுத்திவிடுங்கள். மழையில் நனைந்து இரவு முழுக்க நின்ற கார் காலையில் முதல் சில பிரேக்குக்குக் கரகரப்பது டிஸ்க் மீது படிந்த துரு, தானே போய்விடும். திடீரென்று காதைக் கிழிக்கிற மாதிரி ‘கிரீரீரீ’ என்று தொடர்ந்து வந்து, ரிவர்ஸ் எடுத்ததும் நின்றுவிட்டால் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே சிறு கல் சிக்கியிருந்திருக்கும். பயமுறுத்தும் சத்தம், ஒன்றுமில்லாத காரணம். உங்கள் காரில் வேலை செய்தபோது அந்தத் தகடு கொஞ்சம் வளைந்திருந்தாலும் ‘சரக் சரக்’ என்று உரசும். கையால் நெம்பிவிட்டால் சரியாகிவிடும்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டில் உள்ள பேரிங் இறுகிவிட்டது. ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, தாங்க முடியாமல் திடீரென்று விடுபடும் சத்தம் அது. திருப்பும்போது ‘கிரக்... கிரக்’ என்று காய்ந்த முனகல் லோயர் ஆர்ம் பக்கத்திலிருந்து வந்தால் பால் ஜாயிண்ட்டை அன்றே பாருங்கள். அது கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும்.

சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வரும் சத்தமா என்று அறிய ஒரு கணக்கு உதவும். சிறிய, நடுத்தரக் கார் டயர்களின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 185/65 ஆர் 15 அளவு டயருக்கு 1.95 மீட்டர் வரும். ஆகவே 7 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒருமுறை சுற்றும், 36 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 5 முறை. மெதுவாக ஊர்ந்துபோய், நொடிக்கு ஒன்றாகத் ‘தட்... தட்’ என்று வருகிறதா என்று எண்ணுங்கள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கொஞ்சம் தள்ளி ஒருவர் கூடவே நடந்து வந்தால், கோடு எந்த இடத்துக்கு வரும்போது சத்தம் வருகிறது என்றுகூடச் சொல்லிவிடுவார். சுற்றுக்கு ஒன்று என்றால் டயரில் ஏறிய ஆணி, பள்ளத்தில் சிக்கிய கல், டயர் புடைப்பு, கழன்ற வீல் கேப், வளைந்த டிஸ்க் என்று பட்டியல் சுருங்கிவிடும். தளர்ந்த சக்கர நட்டும் இந்தப் பட்டியலில்தான் வரும். அதனால் இப்படி ஒரு சத்தம் கேட்டால் மற்றதை யோசிக்குமுன் வீல் ஸ்பேனரை எடுங்கள். பேரிங் குண்டுகள் இந்தக் கணக்குக்குள் வராது. அவற்றைத் தாங்கும் கூண்டு சக்கரத்தின் வேகத்தில் ஏறக்குறைய 40 சதவீத வேகத்தில்தான் சுற்றுகிறது. பேரிங் சத்தம் பெரும்பாலும் எண்ண முடியாத ஓர் ஊமலாகத்தான் வரும்.

இன்னும் ஒரு சோதனை, எல்லாராலும் செய்யக் கூடியது. அரை மணி நேரம் பெரிதாகப் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரங்களின் ரிம்முக்கு அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், டிஸ்க் சுட்டுவிடும். ஒரு முன்சக்கரம் மட்டும் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால், அந்தப் பக்கக் காலிப்பர் சறுக்கி நகரும் சிறு தண்டு (பின்) இறுகி பேட் விடாமல் உரசுகிறது, அல்லது பேரிங் காய்ந்துபோய் ஓடுகிறது. கழற்றி மாட்டிய இடது காலிப்பரில் பின்களைச் சுத்தம் செய்யாமல் மாட்டியிருந்தால் இது நடக்கும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: நாளை காலை வேலை செய்த ஒர்க்‌ஷாப்புக்கு மெதுவாக ஓட்டிப்போய், ஆக்சில் நட்டையும் இடது பக்கத்தில் அவிழ்த்த ஒவ்வொரு போல்ட்டையும் உங்கள் கண்முன்னே டார்க் ரென்ச்சால் பார்க்கச் சொல்லுங்கள். கோபப்படாமல், ‘வேலைக்குப் பிறகு வந்த சத்தம்’ என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் என்றால் அந்த ஒரு வாக்கியத்திலேயே எழுந்து வருவார். அங்கேயே முன் டயர்களைத் தடவிப் பார்த்துவிட்டு, பின்னால் மாற்றிப் போடச் சொல்லுங்கள். சக்கரம் கழற்றி மாட்டியதால் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும். அந்த 100 கி.மீ.க்குள் இரைச்சல் முன்னாலேயே இருக்கிறதா, பின்னால் போய்விட்டதா என்பதும் தெரிந்துவிடும். பின்னால் போயிருந்தால் ஷாக் அப்சார்பரையும் அலைன்மென்ட்டையும் சரிபார்த்த பிறகு புது டயர் வாங்குங்கள். அதற்கு முன் வாங்கினால் புது டயரும் அதே மாதிரி தேயும். முன்னாலேயே இருந்தால் வலது பக்க ஸ்பிரிங்கின் மீது கையை வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். அந்த ‘உர்ர்ர்’ விரலுக்குத் தெரிந்தால் அப்போது மாற்றலாம் வலது பேரிங்கை.